பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் பொருந்தும் ஆண் குழந்தைப் பெயரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரு மொழிக்கும் பொருந்தும் பெயர் என்பது, எழுத்து மாறாமலேயே இரு மொழியினரும் தயக்கமின்றி வாசித்து அழைக்கக்கூடிய பெயர்.

இதில் சிக்கல் எழுவதற்குக் காரணம், இரண்டு மொழிகளும் ஒரே எழுத்துகளை வெவ்வேறு விதமாக ஒலிப்பதுதான். பிரெஞ்சில் ‘எச்’ ஒலிப்பதில்லை. சொல்லின் இறுதி மெய்யும் பல இடங்களில் மறைந்துவிடும். அதனால் ஆங்கிலத்தில் ஹியூகோ, தாமஸ் என்று அழைக்கப்படும் சிறுவர்கள் பிரெஞ்சில் ஏறத்தாழ யூகோ, தொமா ஆகிறார்கள். ஒரே மெட்டைப் புல்லாங்குழலிலும் வயலினிலும் வாசிப்பதைப் போன்றது இது: ஒலி வேறுபட்டாலும் மெட்டு அடையாளம் தெரிகிறது. ஆனால் ழான் (Jean) என்ற பிரெஞ்சு ஆண்பெயரை அதே எழுத்துகளில் ஆங்கிலேயர் ‘ஜீன்’ என்று வாசிப்பார்கள். அங்கே அது பெரும்பாலும் பெண்பெயர் என்பதால், குழந்தை வாழ்நாளெல்லாம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், அதைத் தவிர்ப்பதே நல்லது.

விக்டர், ஆஸ்கர் போன்றவை இரு மொழியிலும் ஏறக்குறைய முழுமையாக ஒலிப்பதால் பாதுகாப்பான தேர்வுகள். முடிவெடுக்கும் முன், குடும்பப் பெயருடன் சேர்த்து இரு மொழியினரையும் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரு மொழியிலும் உச்சரிப்பு அச்சு அசலாக ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தேவையில்லை, இரண்டு உச்சரிப்புகளும் பெற்றோருக்குப் பிடித்திருந்தால் போதும்.