எட்டு எபிசோடு சீசனும் எழுத்தாளராக விரும்பும் மகளும்

மதிப்பிற்குரிய அம்மா,

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் வெப் சீரிஸ் எழுத்தாளராக வேண்டும் என்பதில் உறுதியாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் விரும்பிப் பார்த்த நெட்ஃபிளிக்ஸின் அமெரிக்கத் தொடர் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 2016-இல் தொடங்கி 2025 இறுதியில் முடிந்ததையும், ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகளில் மொத்தம் 42 எபிசோடுகளே வந்ததையும் சுட்டிக்காட்டி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை எட்டு எபிசோடு எழுதுகிறவர் இடைப்பட்ட காலத்தில் எதை வைத்துப் பிழைப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை ஹாலிவுட் எழுத்தாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த கேள்விகளுள் இதுவும் ஒன்று என்பதால், உங்கள் கவலையைத் தேவையற்றது என்று நான் ஒதுக்கப் போவதில்லை.

முன்பு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு சீசன் என்றால் செப்டம்பரில் தொடங்கி மே மாதம் வரை 22 அல்லது 24 எபிசோடுகள். வருமானம் விளம்பரத்திலிருந்து வந்ததால் வாரம் தவறாமல் புதிய எபிசோடு தேவைப்பட்டது. மொத்தம் 100 எபிசோடுகளை எட்டினால் மறுஒளிபரப்பு உரிமையைப் பல நிலையங்களுக்கு விற்க முடியும் என்பது தயாரிப்பாளர்களின் நெடுநாள் கணக்கு. ஓ.டி.டி. தளங்களுக்குச் சந்தாவே முதன்மையான வருமானமாக இருந்ததால் இந்த இரண்டு தேவைகளும் அவற்றுக்கு இல்லாமற்போயின. புதிய தொடரின் வருகை புதிய சந்தாதாரர்களைக் கொண்டுவரும். சீசன்கள் கூடக்கூட நடிகர்களின் சம்பளம் ஏறுமே தவிர, புதிதாகச் சேர்பவர்கள் அதே வேகத்தில் கூடமாட்டார்கள். ஆகவே குறைவான எபிசோடுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் திரைப்படத்துக்கு நிகராகச் செலவழிப்பது அவர்களுக்கு லாபமாகப் பட்டது.

காத்திருப்பு நீள்வதற்கு 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரையே உதாரணமாகக் கொள்ளலாம். நான்காம் சீசன் 2022 ஜூலையில் நிறைவடைந்ததும் ஆகஸ்டிலேயே ஐந்தாம் சீசனுக்கான எழுத்து வேலை தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டின் வேலைநிறுத்தங்கள் குறுக்கிட்டதால் படப்பிடிப்பு 2024 ஜனவரியில்தான் ஆரம்பமாகி, அந்த ஆண்டு டிசம்பர் வரை நடந்தது. அதன்பின் எடிட்டிங், கிராஃபிக்ஸ், ஒலி, பல மொழி டப்பிங் ஆகியவற்றில் ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது. வேலைநிறுத்தத்தை நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாது. பழைய முறையில் ஒரு எபிசோடு ஒளிபரப்பாகும் வாரத்திலேயே இன்னொன்று படப்பிடிப்பிலும் மற்றொன்று எழுத்து மேசையிலும் இருக்கும். இப்போதோ பெரும்பாலும் எல்லாக் கதைகளையும் எழுதி முடித்து, எல்லாவற்றையும் படம்பிடித்து, பிறகுதான் வெளியிடுகிறார்கள்.

உங்கள் மகள் கவனிக்க வேண்டியது இதன் இன்னொரு விளைவை. 22 எபிசோடு எழுதிய காலத்தில் இளம் எழுத்தாளருக்கு ஆண்டின் பெரும்பகுதி சம்பளம் கிடைத்ததோடு, தான் எழுதிய காட்சி படமாகும்போது தளத்தில் நின்று, மழை வந்தால் எந்த வசனத்தை வெட்டுவது, நடிகர் வராவிட்டால் காட்சியை எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் இருந்தது. பின்னாளில் ஒரு தொடரையே பொறுப்பேற்று நடத்தும் தகுதி அப்படித்தான் உருவாயிற்று. குறுகிய சீசனிலோ சில எழுத்தாளர்கள் சில வாரங்கள் கூடி எழுதிக் கலைந்துவிட, படப்பிடிப்பு தொடங்கும்போது அவர்களில் பலர் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். வேலைநிறுத்தத்தை முடித்துவைத்த 2023 ஒப்பந்தத்தில், 7 முதல் 12 எபிசோடு கொண்ட தொடருக்கு, ஒருவரே முழுவதையும் எழுதினாலொழிய, குறைந்தது 5 எழுத்தாளர்கள் வேண்டும் என்றும், படப்பிடிப்பின்போதும் சிலரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்றும் ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் போராடிப் பெற்றது. இந்தியாவில் இதே பாதுகாப்பு கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு இறங்க வேண்டாம்.

தமிழிலும் இடைவெளி குறைவாக இல்லை: 'சுழல்' வெப் சீரிஸ் 2022 ஜூனில் எட்டு எபிசோடுகளுடன் வந்தது, இரண்டாம் சீசன் 2025 பிப்ரவரியில்தான் வெளியாயிற்று. ஆனால் நாள்தோறும் திரைக்கதையும் வசனமும் கேட்கும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது, அது தொலைக்காட்சி சீரியல். உங்கள் மகள் முகம் சுளிக்கக்கூடும். அந்தக் கதைகளின் தரம் குறித்து எனக்கும் குறைகள் உண்டு. இருந்தாலும் நாளைய படப்பிடிப்புக்கு இன்றிரவு காட்சி கொடுக்கும் பயிற்சியை வேறெங்கும் எளிதில் பெற முடியாது. அமெரிக்காவிலேயே, பெரும்பாலும் ஒரே மருத்துவமனை செட்டில் நடக்கும் 'தி பிட்' 2025 ஜனவரியில் 15 எபிசோடுகளுடன் வந்து, அடுத்த ஜனவரியிலேயே இரண்டாம் சீசனைத் தொடங்கியது. விரைவாகவும் சிக்கனமாகவும் எழுதத் தெரிந்தவர்களின் தேவை முற்றிலும் போய்விடவில்லை.

படிப்பைப் பொறுத்தவரை, தரமணியிலுள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூவுக்குப் பிறகு சேரக்கூடிய நான்காண்டுப் பட்டப்படிப்புகள் உள்ளன. இயக்கமும் திரைக்கதை எழுத்தும் அவற்றில் ஒரு பிரிவு, படத்தொகுப்பு மற்றொன்று. புனே திரைப்படக் கல்லூரியை விரும்பினால் முதலில் ஏதேனும் ஒரு பட்டம் வேண்டும் என்பதால், தமிழ் இலக்கியமோ ஊடகவியலோ சட்டமோ படித்துவிட்டுப் போகலாம். எந்த வழியானாலும், எழுத்தோடு படத்தொகுப்பையோ மொழிபெயர்ப்பையோ சேர்த்துக் கற்கச் சொல்லுங்கள், ஓ.டி.டி. தளங்களுக்கு டப்பிங் வசனமும் சப்டைட்டிலும் எழுதும் வேலை, இரு சீசன்களுக்கு நடுவே அவர் கைவசம் இருக்கக்கூடிய வருமானம். கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது, சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் இப்போது எழுதிச் சம்பாதிக்கிறார்கள், முதல் வேலை கிடைக்க எத்தனை மாதமாயிற்று என்பதை அங்குள்ள மாணவர்களிடமே அவர் கேட்டுவரட்டும். நீங்களும் உடன் சென்றால் நல்லது.