ஏன் தோளைத் தொட்டுக் கூப்பிடுகிறீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 11 மாதம். 36-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை குறைவு, மஞ்சள் காமாலை என்று 9 நாள் ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் செய்யும்போது காது டெஸ்ட் எடுத்து, இரண்டு காதிலும் ‘ரெஃபர்’ என்று எழுதி, ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. மாமியார் (எனக்குச் சொந்த அத்தை) வேண்டாம் என்றார். திருப்பூரில் வேலை பார்க்கும் கணவர் “அம்மா சொல்றதைக் கேளு” என்றார். ஆனால் தடுப்பூசி ஒன்றையும் விட்டதில்லை. கழுத்து நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது எல்லாம் சரியாக நடந்தது. இப்போது நாற்காலியைப் பிடித்து நிற்கிறான். பேச்சு மட்டும் வரவில்லை. நாத்தனார் மகளுக்கு 10 மாதம்தான், அவள் ‘அத்த’, ‘தாத்தா’ என்கிறாள். “இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான்” என்கிறார் மாமியார். மற்றபடி சமர்த்துப் பிள்ளை. மிக்ஸி ஓடினாலும் தூங்குவான். விளையாடும்போது கூப்பிட்டால் திரும்ப மாட்டான், தோளைத் தொட்டால் உடனே திரும்பி அழகாகச் சிரிப்பான். அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காது குத்து வைத்திருக்கிறோம். “இன்னும் அம்மான்னு சொல்லலையா?” என்று எல்லோரும் கேட்பார்கள். நினைத்தாலே அழுகை வருகிறது. உறவினர்களை எப்படிச் சமாளிப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ‘ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி, கவலைப்படாதீர்கள்’ என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன். ஊரும் குழந்தையின் மாதமும் மட்டும் மாறி, இதே கடிதம் எனக்குப் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கிறது. அந்த ஆறுதலைக் கேட்டுக் கேட்டே எத்தனையோ வீடுகளில் காலம் கைநழுவிப் போனதையும் பார்த்துவிட்டேன்.

உறவினர்கள் கிடக்கட்டும். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. ‘தோளைத் தொட்டால் உடனே திரும்பி அழகாகச் சிரிப்பான்.’

11 மாதக் குழந்தையை யாராவது தொட்டுக் கூப்பிடுவார்களா? பேர் சொல்லிக் கூப்பிடுவோம். கையைத் தட்டுவோம். “டேய் தங்கம், இங்க பாரு” என்போம். அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் கூடத்தில் இருக்கும் பிள்ளை தலையைத் திருப்பித் தேடும். எழுந்து போய்த் தொடவேண்டிய தேவையே வராது. நீங்கள் மட்டும் ஏன் தொடுகிறீர்கள்? யார் சொல்லித் தந்தது? யாரும் இல்லை. முதலில் கூப்பிட்டுத்தான் பார்த்திருப்பீர்கள், திரும்பியிருக்க மாட்டான். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டிருப்பீர்கள். ஒருநாள் கிட்டே போய்த் தொட்டதும் திரும்பிச் சிரித்திருப்பான். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. அது எந்த மாதம்? யோசித்துப் பாருங்கள், ஞாபகம் வரும். உங்கள் கைக்குத் தெரிந்துபோன விஷயத்தை நீங்கள் இன்னும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பேச்சு வரவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்பது வேறு. அவனுக்குக் காது கேட்கிறதா?

கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் யார்? ‘ரெஃபர்’ என்ற சொல்லுக்கும் அந்த அர்த்தம் கிடையாது. பிறந்த குழந்தைக்கு எடுக்கும் ஓ.ஏ.இ. என்ற டெஸ்டில், காதுக்குள் சின்னக் குமிழ் ஒன்றை வைத்து மெல்லிய ஓசையை அனுப்புவார்கள். உள்காது நன்றாக இருந்தால் பதிலுக்கு ஒரு எதிரொலி வரும், மிஷின் அதைப் பிடித்துக்கொள்ளும். எதிரொலி கிடைக்காவிட்டால் ‘ரெஃபர்’. பிறந்த சில நாட்களில் காதில் அழுக்கோ நீரோ அடைத்திருந்தாலும், குழந்தை சிணுங்கினாலும் அப்படி வரும். என் பேத்திக்கே வந்தது. மூன்றாவது வாரம் மறுபடி எடுத்தோம், பாஸ் ஆகிவிட்டாள். ‘ரெஃபர்’ வந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு மறு டெஸ்டில் ஒன்றும் இருக்காது. அந்த மறு டெஸ்ட் சில நிமிட வேலை. அதற்குத்தான் நீங்கள் 10 மாதமாகப் போகவில்லை.

நேரமில்லை என்று சொல்ல முடியாது. தடுப்பூசி ஒன்றையும் விட்டதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 6 வாரம், 10 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று நான்கு முறை அவனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அந்த நான்கு முறையில் ஒரு முறையாவது டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பையில் எடுத்துவைத்து நர்ஸம்மாவிடம் நீட்டியிருக்கலாம். ஊசி எல்லாப் பிள்ளைக்கும் போடுவது, அதில் பயமில்லை. இந்தக் காகிதம் உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுகிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயந்தவர் நீங்கள், நாள் கழிந்தது அவனுக்கு.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினான் என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். கதவை அடித்துச் சாத்தினால் தரை அதிரும், காற்று அசையும், வெளிச்சம் மாறும். காது மந்தமாக உள்ள குழந்தைக்குக் கண்ணும் தோலும் படுகூர்மை. அதோடு, பாதி கேட்கும் குழந்தைகளும் உண்டு. பாத்திரம் விழுந்தால் திரும்பும், ‘ச’வும் ‘த’வும் காதில் விழாது. நாம் பேசுவது சுமார் 60 டெசிபல், மிக்ஸி 80-ஐத் தாண்டும். நன்றாகக் காது கேட்கும் குழந்தையும் சில நாள் அந்தச் சத்தத்தில் தூங்கும்தான், அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் 36 வாரப் பிறப்பு, 9 நாள் ஐ.சி.யூ., காமாலை, இரண்டு காதிலும் ரெஃபர், கூப்பிட்டால் திரும்பாதது, இத்தனைக்கும் பிறகு அதைச் சமர்த்து என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இன்னொன்றும் கவனியுங்கள். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் ‘ஆ’, ‘ஊ’ என்று சத்தம் போடும், சிரிக்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ‘பப்பப்பா’, ‘தத்தத்தா’ என்று எழுத்தைக் கோத்துக் கோத்துப் பேசும் மழலை 10 மாதத்துக்குள் வந்துவிட வேண்டும். கேட்காத குழந்தைக்கு அதுதான் வராமல் தங்கும். உங்கள் நாத்தனார் மகள் ‘அத்த’ என்று சொன்னதைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்களே, அவள் அந்தச் சொல்லை முதலில் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள்.

என் பெரியம்மா பேத்தி ஒருத்தி. 4 வயது வரை அவளுக்குப் ‘பிடிவாதக்காரி’ என்றுதான் பெயர். கூப்பிட்டால் வர மாட்டாள், சொன்னதைச் செய்ய மாட்டாள். அதற்காக அடி வாங்கியிருக்கிறாள். நானே ஒரு தடவை கையை ஓங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு டீச்சர் சொல்லித்தான் காதைக் காட்டினார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. எதற்கு அடி வாங்குகிறோம் என்றே தெரியாமல் நின்ற அந்தக் குழந்தையின் முகம் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

உங்கள் மாமியாரிடம் சண்டை போடச் சொல்ல மாட்டேன். கூட்டுக் குடும்பத்தில் நம்பிக்கை உள்ளவள் நான். பெரியவர்கள் பேச்சுக்கு மதிப்பு வேண்டும். ஆனால் கல்யாணம், சீமந்தம், யாரை முதலில் அழைப்பது என்பதில்தான் அந்த மதிப்பு. பிள்ளையின் காது கேட்கிறதா என்பதைப் பெரியவர்கள் உத்தரவு போட்டு முடிவு செய்ய முடியாது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், மெதுவாக, சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும் நேரத்தில். “அத்தை, அவர் இந்த வயசுல கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாரா?” பெற்றவளுக்கு அது மறக்காது. உங்கள் கணவர் பேசத்தான் நாளானது. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாமல் இருந்திருந்தால் அத்தையே அன்றைக்கு ஊரைக் கூட்டியிருப்பார். லேட்டாகப் பேசுவது வேறு, கேட்காமல் இருப்பது வேறு. அந்த ஒரு கேள்வியில் இது அவருக்கே புரிந்துவிடும்.

சொந்த அத்தை மகனைக் கட்டியிருக்கிறீர்கள். டாக்டர் இதைக் கட்டாயம் கேட்பார், மறைக்காதீர்கள். தாத்தா பாட்டி வழியாக வரும் குறையுள்ள மரபணு ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று சேர்ந்தால் பிள்ளைக்குக் காது கேட்காமல் போகலாம். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். கடும் காமாலையும் ஐ.சி.யூ.வில் போடும் சில ஊசி மருந்துகளும்கூடக் காரணமாகலாம். யார் மேலும் பழி போட இதைச் சொல்லவில்லை. “உங்க வம்சம், எங்க வம்சம்” என்ற பேச்சு உங்கள் வீட்டில் எடுபடாது, இரண்டும் ஒரே வம்சம்தான்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை, இந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டுங்கள். ஐயா, உங்கள் அம்மாவின் பேச்சைக் கேட்கச் சொல்லி மனைவிக்குப் போன் செய்தீர்கள். உங்கள் பிள்ளை உங்கள் குரலைக் கேட்டிருக்கிறானா என்று பார்த்தீர்களா? திருப்பூரிலிருந்து திண்டுக்கல் எவ்வளவு தூரம்? பனியனும் கம்பெனியும் எங்கும் போகாது. இரண்டு நாள் லீவு போட்டு வாருங்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது தகப்பனின் வேலை. அதை அம்மா தலையிலும் மனைவி தலையிலும் கட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பிறந்து 1 மாதத்துக்குள் முதல் டெஸ்ட், 3 மாதத்துக்குள் குறை இருக்கிறதா இல்லையா என்று உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். தாண்டியது தாண்டியதுதான். ஆனால் மூளை மொழியை வாரி எடுத்துக்கொள்ளும் முதல் 3 வருடத்தில் இன்னும் 2 வருடம் கையில் இருக்கிறது. இனி ஒரு வாரத்தைக்கூட வீணாக்கக் கூடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளுக்கென்றே மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, அதையும் விசாரியுங்கள். காசு கேட்க மாட்டார்கள். ஓ.ஏ.இ. மட்டும் போதாது, காது நரம்பைச் சோதிக்கும் ‘பெரா’ டெஸ்டும் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காமாலையால் நரம்பு பாதித்த சில குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. பாஸ் ஆகி, பெராவில்தான் குறை தெரியும்.

பெராவுக்கு எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணோடு துணைக்குப் போயிருக்கிறேன். குழந்தை தூங்கினால்தான் எடுக்க முடியும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பசை வைத்து வயரை ஒட்டி, காதுக்குள் ‘டிக் டிக்’ என்று ஓசை விட்டு, நரம்பு பதில் தருகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். வலி கிடையாது. ஆனால் வெளியே பெஞ்சில் பத்துத் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூங்கவைக்கப் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். ஒன்று தூங்கும் நேரத்தில் இன்னொன்று வீறிடும். எதிர்வீட்டுக் குழந்தை மருந்து கொடுத்தும் தூங்காமல், மறுநாளும் போனோம். அதனால் அன்று விடிகாலையிலேயே எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் கண்ணசர விடாதீர்கள். பால் கொடுப்பதை மட்டும் அங்கே கேட்டுக்கொண்டு செய்யுங்கள். தூங்க மருந்து தருவதாக இருந்தால் வெறும் வயிறு வேண்டும் என்பார்கள்.

குறை இருந்தால் உடனே காதுக் கருவி போடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் இலவசமாகக் கிடைக்கும். கருவியை அவன் பிடுங்கிப் பிடுங்கிப் போடுவான், நீங்கள் மாட்டி மாட்டி விடவேண்டும், விழித்திருக்கும் நேரமெல்லாம். காது வளர வளர, கருவியைக் காதில் பொருத்தும் அச்சையும் மாற்றவேண்டும். கருவியில் பலன் போதாவிட்டால், உள்காதிலேயே மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை இருக்கிறது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்கு வருடக்கணக்கில் அலையவேண்டும். அதில் பாதிப் பாடம் வீட்டில்தான் நடக்கும். எதுவும் கைகொடுக்காவிட்டாலும் சைகை மொழி இருக்கிறது, அதுவும் முழுமையான மொழிதான். காதாலோ கையாலோ ஒரு மொழி அவனுக்குப் போய்ச் சேரவேண்டும். இப்போது எதுவுமே போய்ச் சேருகிறதா என்று தெரியாமல் இருப்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

காது குத்து விஷயத்துக்கு வருகிறேன். கடுக்கன் வாங்கியிருப்பீர்கள், ஆசாரிக்குச் சொல்லியிருப்பீர்கள், தாய்மாமன் மடி தயாராக இருக்கும். குலதெய்வத்துக்குச் செய்வதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் டெஸ்ட் முடிந்த பிறகு செய்யுங்கள். தேதி இடித்தால் காது குத்தைத் தள்ளிவையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

டிஸ்சார்ஜ் காகிதத்தை இன்றைக்கே பீரோவிலிருந்து எடுங்கள். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் அதே பையில் வையுங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெஞ்சில் பேரனை மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைக்க அவரைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். முடிவு கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். உறவினர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.