புது பைக்கை முதல் ஆயிரம் கிலோமீட்டர் நாற்பதிலேயேதான் ஓட்ட வேண்டுமா?

கேள்வி இதுதான்: புது பைக் எடுத்து ஒரு வாரம் ஆகிறது. ஆயிரம் கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டவே கூடாது என்கிறார்கள் சிலர். முதல் நாளிலிருந்தே நன்றாக முறுக்கி ஓட்டினால்தான் பிக்கப் நிற்கும் என்கிறார்கள் வேறு சிலர். யார் சொல்வதைக் கேட்பது? சிந்தெடிக் ஆயிலை இப்போதே ஊற்றலாமா? தொலைதூரம் போகலாமா?

நாற்பதிலேயே ஓட்டிக் கெடுத்தவன் நான். அதனால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் முதல் பைக் 125 சிசி, கார்பரேட்டர் வைத்தது. டெலிவரி கொடுத்தவர் சாவியை நீட்டும்போது, "ஆயிரம் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதீங்க சார்" என்றார். வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். காலையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவேன். ரோட்டுக்கு வந்ததும் மளமளவென்று டாப் கியருக்குப் போய், முள்ளை நாற்பதில் ஆணி அடித்தது போல நிறுத்திக்கொள்வேன். நடந்து போகிறவர்கள் மட்டும்தான் என்னை முந்தவில்லை. என்ஜினைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குள் பெருமை வேறு.

ஆறாயிரம் தாண்டியபோது காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலமாகப் புகை வந்தது. ஆயிலும் குறைந்துகொண்டே போனது. கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை உருவி, டார்ச் அடித்துக் காட்டினார். போரின், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயின், உள்சுவர் எவர்சில்வர் டம்ளர் போலப் பளபளத்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் பதில் சொல்லாமல், பக்கத்தில் ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் ராவுவது) முடிந்து வந்திருந்த இன்னொரு பிளாக்கை எடுத்து என் கையில் கொடுத்து, "நகத்தால தடவிப் பாருங்க" என்றார். அதில் சாய்வாகக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மெல்லிய கீறல்கள் இருந்தன. நகம் லேசாக நரநரத்தது. என் பிளாக்கில் நகம் வழுக்கிக்கொண்டு போனது.

இந்தக் கீறல்கள் தெரியாமல் விழுந்தவை அல்ல, வேண்டுமென்றே போடப்படுபவை. ஆயில் தங்குவதற்கு ஒரு பள்ளம், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான ரிங்கை ராவிப் பதமாக்க ஒரு மேடு என்று இரண்டு வேலையும் அவற்றுக்கு உண்டு. புது ரிங் போரின் வட்டத்துக்கு முழுதாகப் பொருந்தியிருக்காது. முதல் சில நூறு கிலோமீட்டரில் மேடுகளும் ரிங்கின் முகமும் ஒன்றையொன்று தேய்த்து ஜோடி சேர வேண்டும். என்ஜின் செட் ஆவது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

ரிங் போரை அழுத்துவது அதன் சொந்த ஸ்பிரிங் பலத்தால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது கொஞ்சம்தான். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் ரிங்கின் மேலிடுக்கு வழியாக அதன் முதுகுக்குப் போய், அங்கிருந்து சுவரை நோக்கித் தள்ளுகிறது. ஆக்சிலேட்டரை ஓரளவு திறந்தால்தான் இந்த அழுத்தம் வரும். ஐடிலிலும், டாப் கியரில் பூப்போல முறுக்கிப் போகும் நாற்பதிலும் அது போதவில்லை. ரிங் தேயாமல் வழுக்குகிறது, எரிந்த வாயு பக்கவாட்டில் கீழே இறங்குகிறது, சுவரில் இருக்கும் ஆயில் தீய்ந்து வார்னிஷ் போலக் கீறல்களை அடைத்துவிடுகிறது. அடைந்தபின் எவ்வளவு முறுக்கினாலும் பெரிதாகப் பயனில்லை. திரும்ப ஹோனிங் செய்து புது ரிங் போட வேண்டியதுதான். எனக்கும் அதுதான் நடந்தது.

நாற்பதில் ஓட்டிய எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். இன்றைய என்ஜின்களின் கடைசல் மிக நேர்த்தியாக இருக்கிறது. பலர் எப்படி ஓட்டினாலும் தப்பித்துவிடுகிறார்கள். வேகமானியில் ஓர் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் ரன்னிங் இன் (புது என்ஜினைப் பழக்குவது) என்ற நினைப்பைத்தான் தவறு என்கிறேன்.

இந்த நாற்பது ஒரு காலத்தில் அர்த்தமுள்ள அறிவுரை. வார்ப்பிரும்பு போருக்குள் அலுமினிய பிஸ்டன் ஓடுகிறது. ஒரே சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். புதுசில் இடைவெளி இறுக்கம், உராய்வு அதிகம், சூடும் அதிகம். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கொஞ்சம் அதிகமாகப் போனால் பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது போருக்குள் சிக்கி நின்று, நடுரோட்டில் பின்சக்கரம் இறுகிவிடும். பெட்ரோலில் கலக்கும் ஆயிலைத் தொடக்கத்தில் கூட்டியே ஊற்றுவார்கள். இப்போது பல பைக்குகளில் போருக்குள் செருகும் இரும்புக் குழாயான ஸ்லீவே கிடையாது. அலுமினிய பிளாக்கின் மேலேயே நிக்கல், சிலிக்கான் கார்பைடு பூச்சு. ஜெர்மனியின் மாலே கம்பெனி 1967இல் நிகாசில் என்று கொண்டுவந்த சங்கதியின் வாரிசுகள் இவை. வண்டி மாறிவிட்டது, வாக்கியம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அப்படியானால் முதல் நாளே ரெட்லைனுக்கு, அதாவது என்ஜின் சுற்றும் வேகத்தின் உச்ச வரம்புக்கு, போகச் சொல்கிறவர்கள்? அவர்கள் சொல்வதில் பாதி சரி. ரிங்குக்கு அழுத்தம் வேண்டும் என்பது சரி. ஆனால் என்ஜின் என்பது ரிங் மட்டுமல்ல. கியர்ப் பல், கேம், பேரிங் எல்லாம் புதுசு. அவற்றுக்கு அழுத்தம் தேவையில்லை, நிதானம்தான் தேவை. அதுவும் பெரும்பாலான பைக்குகளில் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. ஓரிடத்தில் உதிரும் தூள் எல்லா இடத்துக்கும் போகும். உச்ச ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது ஆர்பிஎம்) விடாமல் ஓட்டினால் சூடு ஆறவும் நேரம் கொடுக்க மாட்டீர்கள்.

ஹோனிங் முடித்த அன்று மெக்கானிக் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்டியதைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன். முதலில் சும்மா நாலைந்து கிலோமீட்டர், என்ஜின் சூடாகும்வரை. அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோடு. மூன்றாவது கியர், நடுத்தர ஆர்பிஎம்முக்குக் கொஞ்சம் கீழிருந்து பாதிக்கு மேல் முறுக்கி ஏற்றினார். என்ஜின் இழுத்தது, கத்தவில்லை. ஓரளவு ஏறியதும் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டார். கிளட்ச் பிடிக்கவில்லை, பிரேக்கைத் தொடவில்லை. வண்டி தானாக இறங்கியது. மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். பத்துப் பன்னிரண்டு முறை இருக்கும். விடும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகி ஆயிலைக் கீழிருந்து மேலே இழுக்கும், அது ரிங்கைக் குளிர்வித்து, தேய்ந்த தூளையும் கழுவும் என்றார். ஏற்றுவதை எல்லாரும் சொல்கிறார்கள், இறக்குவதைத்தான் சொல்வதில்லை. திரும்பி வந்து வண்டியை நன்றாக ஆறவிட்டோம்.

மேனுவலில் போட்டிருக்கும் வரம்புக்குள்ளேயே இத்தனையும் செய்யலாம். அந்த வரம்பை மீறச் சொல்லவில்லை. யமஹாவின் பல மேனுவல்களில் 0 முதல் 1000 கி.மீ. வரை ஒன்று, 1000 முதல் 1600 வரை சற்றுத் தளர்ந்த ஒன்று என்று இரண்டு கட்டமாக ஆர்பிஎம் வரம்பு இருக்கும். "நீண்ட நேரம் தொடர்ந்து" அதற்கு மேல் ஓட்டாதே என்றுதான் அங்கே எழுதியிருக்கும். அந்த "தொடர்ந்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் வண்டியின் மேனுவல் எதுவோ அதுவே இறுதி. நான் சொல்வதும் அதற்குப் பிறகுதான்.

கூடவே இன்னொன்று. குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய கியரைப் போட்டு, வண்டி டக்டக்கென்று திணறத் திணற முறுக்காதீர்கள். சிலர் இதை மென்மையான ஓட்டம் என்று நினைக்கிறார்கள். கிராங்க் பேரிங்கைக் கேட்டால் வேறு கதை சொல்லும். ஒரு கியர் இறக்குங்கள்.

முதல் ஆயில் மாற்றத்தை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். என் இரண்டாவது பைக்குக்கு நானே டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். ஆயிலைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது மீன் செதில் போல மினுமினுத்தது. போல்ட் முனையிலிருந்த காந்தத்தில் பென்சில் கூரைத் தூளாக்கி எண்ணெயில் குழைத்தது போல ஒரு சாம்பல் நிறப் பசை. முதல்முறை இப்படி இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். விரலில் உறுத்தும்படி துண்டு ஏதாவது வந்தால்தான் கவலை. ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

சிந்தெடிக் ஊற்றினால் ரிங் செட் ஆகாது என்பது வெகுநாள் வதந்தி. தொழிற்சாலையிலிருந்தே சிந்தெடிக்கோடு வரும் என்ஜின்கள் இருக்கின்றன. மேனுவல் சொல்லும் கிரேடு, அது 10W-30 ஆனாலும் 20W-40 ஆனாலும், அதையே ஊற்றுங்கள். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்று, பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான குறி, இருக்கிறதா பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றினால் அதில் உராய்வைக் குறைக்கச் சேர்த்திருக்கும் சரக்கு உங்கள் கிளட்சை வழுக்கவிடலாம்.

தொலைதூரம் போகலாம். ஆனால் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக நெடுஞ்சாலையில் போகாதீர்கள். ஏற்ற இறக்கமும் வளைவும் உள்ள ரோடு கிடைத்தால் விடாதீர்கள், என்ஜினுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. மணிக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். புது டயரின் வழவழப்பு போக முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஆகும், அதுவரை வளைவில் அதிகம் சாய்க்காதீர்கள். பிரேக் பேடும் அப்படித்தான், தொடக்கத்தில் பிடிப்பு குறைவாகவே இருக்கும். செயின் முதல் ஐந்நூறுக்குள்ளேயே தொய்யும், ஒரு பார்வை பாருங்கள்.

ஆயில் அளவை முதல் சில மாதம் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வண்டியை நேராக நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து. குச்சியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் சும்மா செருகிப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். என் முதல் பைக்கில் திருகாமல் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்துவிட்டு, ஆயில் நிறைய இருக்கிறது என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தவனும் நான்தான்.