சேர்க்கைப் படிவத்தில் இட்ட கையொப்பத்தைத் திரும்பப் பெறலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஒரு கால்பந்துக் கிளப்பில் கோல்கீப்பராக ஆடுகிறாள். ஒவ்வோர் ஆட்டத்தின் படங்களையும் அவளுடைய முழுப் பெயருடன் கிளப்பின் முகநூல் பக்கத்தில் பயிற்சியாளர் வெளியிடுகிறார். நீக்கச் சொன்னால், “சேரும்போதே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே” என்கிறார். இன்னொரு பிள்ளையின் தாயாரும் தம் கணக்கில் படங்களைப் போடுகிறார். வற்புறுத்தினால் மகளை அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். நான் என்ன செய்யலாம்?

பதில்: திரும்பப் பெறலாம். நீங்கள் கையொப்பமிட்டுக் கொடுத்தது இசைவுதானே தவிர, கிரயப் பத்திரம் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிமுறை, இசைவைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தியா 2023-இல் இயற்றிய சட்டமும் இதே கொள்கையை ஏற்று, 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. இசைவை மறுத்ததற்காக ஒரு பிள்ளையை அணியிலிருந்து நீக்கினால், அந்த இசைவு மிரட்டிப் பெற்றதாகிவிடும். பந்தைப் பிடிப்பதற்கு முகநூல் தேவையில்லை என்பதைப் பயிற்சியாளரிடம் நீங்கள் நேராகவே சொல்லலாம்.

ஆனால் வாய்ச்சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். முதலில் அந்தப் படங்கள் தேதியும் இணைப்பு முகவரியும் தெரியும்படி இருக்கும் நிலையில் அவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய பிறகு, அப்படியொன்று இருந்ததே இல்லை என்று சாதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதன் பின், பயிற்சியாளருக்கு அல்லாமல் கிளப்பின் செயலாளருக்கு எழுத்தில் எழுதி, உள்ள படங்களை நீக்கவும், இனிமேல் வெளியிடாதிருக்கவும், இதுவரை யார் யாருக்குப் படங்கள் கொடுக்கப்பட்டன என்று தெரிவிக்கவும் கேளுங்கள். மூன்றாவது கோரிக்கையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஸ்பான்சரின் விளம்பரத் தட்டியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது.

படத்தைவிட அதைச் சுற்றியிருக்கும் விவரமே எனக்கு அதிகக் கவலை தருகிறது. அண்மையில் ஒரு பெற்றோர் காட்டிய படத்தில் சிறுமிகள் முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள், ஒருவர் முகமும் தெரியவில்லை. ஆனால் ஜெர்சியில் பெயரும் எண்ணும் இருந்தன. பின்னால் இருந்த பலகையில் பயிற்சி நாட்களும் நேரமும் சாக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. படத்தின் கீழே மைதானத்தின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். எந்தப் பிள்ளை, எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எங்கே இருப்பாள் என்பதை முன்பின் அறியாதவருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கைபேசிப் படத்தின் கோப்புக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் அதையே ‘ஆவணம்’ என்று அனுப்பினால் அந்த விவரமும் கூடவே போய்விடும்.

அந்தப் படிவத்தை எடுத்து இன்னொரு முறை படியுங்கள். “எல்லா ஊடகங்களிலும், எக்காலத்துக்கும், எந்த இழப்பீடும் கோராமல்” என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். குழுப்படம், கிளப்பின் பக்கம், செய்தித்தாள், விளம்பரம் ஆகிய நான்குக்கும் நான்கு தனிக் கட்டங்கள் போட்டு டிக் செய்யச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை என்று முப்பது பக்கம் அச்சிட்டு அலமாரியில் அடுக்கும் சங்கங்கள் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாதது எனக்குத் தீராத ஆதங்கம்.

இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். போட்டி நடக்கும் இடத்துக்கு வந்து எல்லாப் பிள்ளைகளையும் படமெடுத்து, பெற்றோர் வாங்குவதற்காக அனைத்தையும் திறந்த தளத்தில் ஏற்றிவிடும் புகைப்படக்காரரிடம் உங்கள் இசைவு கிடையாது. அதைக் கிளப்பிடம் வாங்கிக்கொண்டதாக அவர் சொல்வார். அவரைவிட மோசமானவர், வெளியான படத்தைப் பார்த்து, “உங்கள் மகளின் ஆட்டத்தைப் பார்த்தோம், தேர்வுக்கு அழைக்கிறோம்” என்று உங்கள் எண்ணைத் தேடிப் பிடிப்பவர். பதிவுக் கட்டணம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல், கூடுதல் படங்கள் என்று அவர் கேட்கத் தொடங்கினால் அத்துடன் பேச்சை முடித்துக்கொண்டு, அவர் சொல்லும் சங்கத்தை நீங்களே நேரடியாகத் தொடர்புகொண்டு விசாரியுங்கள்.

ஒரு சூழலில் மட்டும் எந்தச் சமரசத்துக்கும் இடமில்லை. பெற்றோர் பிரிந்து, பிள்ளை இருக்கும் இடம் ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று நீதிமன்றம் கூறியிருக்கலாம். அல்லது வன்முறையிலிருந்து தப்பி வந்த தாய், ஊரும் பள்ளியும் மாற்றிப் பிள்ளையை வளர்த்துவரலாம். அங்கே வெற்றிக் கோப்பையுடன் வெளியான ஒரு குழுப்படம் போதும், தேடுகிறவர் மைதானத்து வாசலில் வந்து நிற்பார். வேறு இருபது பெற்றோர் சம்மதித்திருந்தாலும் அந்த ஒரு பிள்ளைக்காக முழுப் படமும் நிறுத்தப்பட வேண்டும். முகத்தை மங்கலாக்கினால் போதாது, ஏனெனில் தோழிகளின் முகங்களே அணியைக் காட்டிக் கொடுத்துவிடும். உங்கள் வீட்டு நிலை இதுவானால், காரணத்தை விவரிக்காமல், “பாதுகாப்புக் காரணம்” என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு மேல் கேட்கக் கிளப்புக்கு உரிமை இல்லை.

தம் கணக்கில் படங்களைப் போடும் அந்த இன்னொரு தாயாரைப் பொறுத்தவரை முதலில் அன்பாகவே பேசுங்கள். குடும்பத்துக்குள் பகிர்வதைச் சட்டங்கள் பொதுவாகத் தொடுவதில்லை. ஆனால் கணக்கு எல்லாருக்கும் திறந்திருந்தால் கதை வேறு. நெதர்லாந்தில் 2020-இல், மகளின் எதிர்ப்பை மீறிப் பேரப்பிள்ளைகளின் படங்களை முகநூலிலும் பின்டெரெஸ்டிலும் வைத்திருந்த பாட்டியை, அவற்றை நீக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ, அதிகபட்சம் 1,000 யூரோ என்றும் விதித்தது. சொந்தப் பாட்டிக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், உடன் ஆடும் பிள்ளையின் தாய் அதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

கடிதத்தை அனுப்புமுன் மகளோடு உட்கார்ந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்கும் தருகிறது. பெனால்ட்டியைத் தடுத்த அந்த ஒரு படம் இருக்கட்டும் என்று அவள் சொல்லக்கூடும். அப்படியானால் அதை விட்டுவிட்டு, பெயரையும் மைதானத்தின் பெயரையும் மட்டும் நீக்கும்படி கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.