கால் முளைத்த சோபாக்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1950களின் வீட்டு அலங்காரப் பாணி மேல் எனக்குத் தீராத மோகம். ஒல்லிக்கால் சோபா, சூரியக் கதிர் கடிகாரம், மூன்று கால் விளக்கு, கோணல்மாணலான கண்ணாடி மேஜை என்று தேடித் தேடி வாங்கிவிட்டேன். தனித்தனியே பார்த்தால் எல்லாமே அழகு. ஆனால் கூடம் சினிமா செட் மாதிரி இருக்கிறது என்கிறார் மனைவி. எங்கே பிசகுகிறது? இந்த ரசனையே வெறும் பழங்கால ஏக்கம்தானா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொன்னது சரி. ஆனால் குற்றம் பாணியுடையது அல்ல.

முதலில் கால்களைப் பாருங்கள். பழைய கனத்த சோபாக்கள் தரையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இவை எழும்பி நிற்கும். அடியில் தரை தெரியும். பார்வை தடைபடாமல் சுவர் வரை போவதால் சின்ன அறையும் விசாலமாகத் தோன்றும். நெருக்கிப் போட்டால் அந்த லாபம் போயிற்று. கால்களின் நெரிசல் பொறுக்காமல்தான் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் 1950களில் ஒற்றைத் தண்டில் நிற்கும் டியூலிப் நாற்காலியை வடிவமைத்தார். முழு நாற்காலியும் ஒரே பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இருக்கை ஃபைபர் கிளாஸ், அதாவது கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக். அதிலேயே தண்டும் செய்தால் எடை தாங்காது. எனவே அலுமினியத்தில் தண்டு செய்து, இருக்கையின் நிறத்தையே பூசிவிட்டார்கள். இந்தச் சின்னத் தில்லுமுல்லு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஏக்கமா என்றால், எனக்கு அப்படிப் படவில்லை. பொருளை மறைக்காமல் காட்டுவதுதான் இதில் என்னை இழுப்பது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக, அடிபட்ட காலுக்குக் கட்டும் சிம்புகளைப் பிளைவுட்டை வளைத்துச் செய்தார்கள். போர் முடிந்ததும் அதே கைப்பழக்கம் நாற்காலியாயிற்று. அப்படி ஒரு நாற்காலி கண்ணில் பட்டால் அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள்: வெளிறியதும் கருத்ததுமாக ஏடு ஏடாகக் கோடுகள். பட்டி ஒட்டி மூடியிருக்க மாட்டார்கள். டென்மார்க்கின் அறைகலன் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வரைந்த நாற்காலியின் இருக்கை முழுக்கக் காகிதக் கயிற்றுப் பின்னல். ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர் கயிறு. எந்த இழை எதன் மேல் ஏறி எதன் அடியில் நுழைகிறது என்று விரலால் தொடர்ந்துபோகலாம்.

செட் போலத் தெரிவதற்குக் காரணம், கூடத்தில் இருப்பதெல்லாம் ஒரே பத்தாண்டைச் சேர்ந்தது என்பதுதான். அந்தப் பாணியை உண்டாக்கியவர்களே அப்படி வாழவில்லை. 1949இல் ஈம்ஸ் தம்பதி குடியேறிய கலிஃபோர்னியா வீட்டில் நாட்டுப்புறப் பொம்மைகள், சிப்பிகள், துணிகள், செடிகள் என்று ஊர்ப்பட்ட சாமான்கள் நிறைந்திருந்தன. நீங்களும் கடிகாரத்தை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய மர அலமாரியைக் கூடத்துக்குக் கொண்டுவரலாம். விளக்கு இருக்கட்டும்.

அசலா நகலா என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஈம்ஸின் ஃபைபர் கிளாஸ் நாற்காலியே, குறைந்த விலை அறைகலன்களுக்காக நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1948இல் நடத்திய போட்டியிலிருந்து பிறந்ததுதான். அதன் பழைய பிரதிகளை இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குவது வேறு கதை.

இன்னொன்று. இந்தச் சோபாக்களில் இருக்கை தாழ்வு. மூட்டுவலிக்காரர்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் திணறுவார்கள். கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி ஒன்றையும் கூடத்தில் போட்டு வையுங்கள். பாணிக்கு ஒத்துவராவிட்டாலும் பரவாயில்லை.