ரிப்போர்ட் நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திடலாமா?

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல கொலஸ்ட்ரால் பத்தி தான், அதனால இந்த இதழ் பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன். ஒரே மாதிரி கேள்வி பல பேர் கேட்டிருந்தீங்க, அதெல்லாம் சேர்த்து ஒண்ணா பதில் சொல்லியிருக்கேன்.

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயசு, ஆண். வெயிட் 61 கிலோ தான், வாரத்துல நாலு நாள் ஓடுறேன், சிகரெட் கிடையாது. ஆபீஸ்ல எடுத்த டெஸ்ட்ல மொத்த கொலஸ்ட்ரால் 287, எச்டிஎல் 52, ட்ரைகிளிசரைட் 140னு வந்திருக்கு. ஒல்லியா இருக்கிறவனுக்கு இது எப்படி வரும், லேப்ல வேற யாரோட ரிப்போர்ட்டையோ மாத்தி குடுத்துட்டாங்களா? அப்பாவுக்கு 46 வயசுல ஹார்ட் அட்டாக் வந்துச்சு.

பதில்: கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே தம்பி, அப்பாவுக்கு 46ல அட்டாக்னு, என் கண்ணு முதல்ல அதுல தான் நின்னுச்சு.

உங்க நம்பரை கொஞ்சம் பிரிச்சு பாப்போம். ட்ரைகிளிசரைட், அதாவது ரத்தத்துல சுத்துற இன்னொரு வகை கொழுப்பு, 140, அதை 5ஆல வகுத்தா 28. மொத்தம் 287ல இருந்து நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற எச்டிஎல் 52, இந்த 28 ரெண்டையும் கழிச்சா 207. இது தான் உங்க எல்டிஎல், கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்றோமே அது. நிறைய லேப்ல இன்னைக்கும் இப்படி கணக்கு போட்டு தான் எல்டிஎல் எழுதுறாங்க, 1972ல வந்த ஃபார்முலா. எல்டிஎல் 190ஐ தாண்டிட்டா வெறும் சாப்பாட்டு மேல பழி போட்டுட்டு போயிட முடியாது, பரம்பரையா வர்ற கொலஸ்ட்ராலா இருக்குமோன்னு சந்தேகப்பட்டே ஆகணும்.

ரத்தத்துல சுத்துற எல்டிஎல்லை பிடிச்சு உள்ள இழுக்கிறது பெரும்பாலும் கல்லீரல். அந்த செல்லுங்க மேல எல்டிஎல்லுக்குன்னே ரிசெப்டர் இருக்கு, கொக்கி மாதிரி நினைச்சுக்கோங்க. இதை கண்டுபிடிச்ச மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985ல நோபல் பரிசு குடுத்தாங்க. அம்மா அப்பா யாராவது ஒருத்தர்கிட்ட இருந்து பழுதான ஜீன் வந்துட்டா வேலை செய்யிற கொக்கி கிட்டத்தட்ட பாதி தான் இருக்கும், மிச்சம் எல்டிஎல் ரத்தத்துலயே சுத்திட்டு கிடக்கும். ஏறக்குறைய 250 பேர்ல ஒருத்தருக்கு இது இருக்கு, அதுல பெரும்பாலானவங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஒல்லி குண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வெயிட் ஏறினா இறங்கினா அதிகமா ஆடுறது ட்ரைகிளிசரைட் தான், எல்டிஎல் அவ்வளவா அசையாது.

இதுல எனக்கு கவலை என்னன்னா வருஷ கணக்கு. 55 வயசுல எல்டிஎல் ஏறினவருக்கு அது சில வருஷத்து சுமை, பொறந்ததுல இருந்தே 200க்கு மேல இருக்கிறவருக்கு 34 வயசுலயே 34 வருஷத்து சுமை. ரத்தக்குழாய்ல படியிறது எவ்வளவு இருக்குங்கறதை மட்டும் வச்சு நடக்கிறதில்ல, எவ்வளவு நாளா இருக்குங்கறதையும் சேர்த்து தான்.

இன்னைக்கு ராத்திரி ஒண்ணு பண்ணி பாருங்க. செருப்பை கழட்டிட்டு உக்காந்து, குதிகாலுக்கு மேல பின்பக்கம் ஓடுற தடிச்ச நரம்பு மாதிரி இருக்குமே, அது உண்மையில நரம்பு இல்ல தசைநாண், அதை கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் பிடிங்க. சாதாரணமா ரெண்டு பக்கமும் குழி விழுந்து நடுவுல இறுக்கமா கயிறு மாதிரி கிடைக்கும். அந்த குழி தெரியாம மொத்தையா, அங்கங்க முடிச்சு முடிச்சா தட்டுப்பட்டா டாக்டர்கிட்ட காட்டுங்க, கொலஸ்ட்ரால் படிஞ்சா அப்படி ஆகும். கண்ணு இமை ஓரத்துல மஞ்சளா திட்டு, 45 வயசுக்குள்ளயே கருவிழியை சுத்தி வெள்ளையா வளையம், இதையும் கண்ணாடியில பாருங்க. எதுவும் இல்லைன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் கிடையாது, நிறைய பேருக்கு வெளியில ஒண்ணுமே தெரியாது.

டெஸ்ட்டை இன்னொரு தடவை எடுங்க, கூடவே தைராய்டு, சுகர், கிட்னி, லிவர் பாத்துடுங்க, ஏன்னா தைராய்டு சுரப்பு கம்மியானாலும் எல்டிஎல் ஏறும். மறுபடியும் இதே அளவு வந்தா மாத்திரை தேவைப்படும், அதுக்கு தயாரா இருங்க. ஓடுறதை நிறுத்தாதீங்க, ஆனா ஓடியே 207ஐ 100க்கு கொண்டு வந்துடலாம்னு ஒரு வருஷம் காத்திருக்காதீங்க. கூடப்பொறந்தவங்களையும் டெஸ்ட் எடுக்க சொல்லுங்க, ஒவ்வொருத்தருக்கும் வர பாதிக்கு பாதி வாய்ப்பு இருக்கு.

கேள்வி: லிப்பிட் டெஸ்ட்டுக்கு, அதான் கொலஸ்ட்ரால் டெஸ்ட்டுக்கு, வெறும் வயிறா தான் போகணுமா?

பதில்: பெரும்பாலானவங்களுக்கு வேணாம். எல்டிஎல், எச்டிஎல் சாப்பாட்டால பெருசா மாறாது, ட்ரைகிளிசரைட் மட்டும் கொஞ்சம் ஏறும். அது 400ஐ தாண்டி வந்துச்சுன்னா மட்டும் வெறும் வயித்துல திரும்ப எடுங்க, அந்த அளவுல மேல சொன்ன ஃபார்முலாவும் சரியா வராது. காய்ச்சல், ஆபரேஷன்னு உடம்பு அடிபட்டிருக்கிற நேரத்துல எடுக்காதீங்க, எல்டிஎல் பொய்யா குறைச்சு காட்டும்.

கேள்வி: நாங்க ரெண்டு பேரும் மூணு வருஷமா முட்டை மஞ்சள்கருவை தொடுறதே இல்ல, எண்ணெயும் கொலஸ்ட்ரால் ஃப்ரீன்னு எழுதினது தான் வாங்குறோம். அப்படியும் எல்டிஎல் 150க்கு கீழ இறங்க மாட்டேங்குது. எங்க தப்பு பண்றோம்?

பதில்: உங்க மேல தப்பு இல்லம்மா, தப்பான ஆளை பிடிச்சு வச்சிருக்கீங்க அவ்வளவு தான். உடம்புல இருக்கிற கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு உடம்பே செய்யிறது, செல் சுவருக்கும் பித்தநீருக்கும் ஹார்மோனுக்கும் அது வேணும். ஒரு மஞ்சள்கருவுல சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கு, ஆனா சாப்பாட்டுல வர்ற கொலஸ்ட்ரால் ரத்தத்துல ஏத்துறது நாம பயப்படுற அளவுக்கு இல்ல. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கூடாதுன்னு வச்சிருந்த அளவை 2015ல வந்த அமெரிக்க உணவு வழிகாட்டியிலயே எடுத்துட்டாங்க. சுகரோ ஏற்கனவே இதய நோயோ இருந்தா மட்டும் அளவை உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

நிஜமா எல்டிஎல்லை ஏத்துறது நிறைவுற்ற கொழுப்பு. அது போய் கல்லீரல்ல இருக்கிற கொக்கிகளை குறைச்சுடுது. வெண்ணெய், கொழுப்பு நிறைய இருக்கிற இறைச்சி, பாமாயில்ல செஞ்ச பிஸ்கட் பேக்கரி ஐட்டம் இதெல்லாம் தான் அந்த கூட்டம். கொலஸ்ட்ரால் ஃப்ரீங்கற வார்த்தையை நம்பாதீங்கன்னு கெஞ்சி கேக்கறேன், தாவரத்துல இருந்து எடுத்த எந்த எண்ணெய்லயும் கணக்குல எடுத்துக்கிற அளவுக்கு கொலஸ்ட்ரால் கிடையவே கிடையாது, பாமாயில்லயும் தான் கிடையாது, ஆனா அதுல பாதி நிறைவுற்ற கொழுப்பு. பாக்கெட்டை திருப்பி பின்பக்கம் நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம்னு பாருங்க, ஹைட்ரஜன் ஏத்தின எண்ணெய்னு இருந்தா அங்கயே வச்சுட்டு வந்துடுங்க.

குறைக்கிறதோட சேர்க்கவும் வேணும். ஓட்ஸ், பார்லி, பயறு வகையில இருக்கிற கரையும் நார்ச்சத்து குடல்ல பித்தநீரை பிடிச்சு வெளிய தள்ளிடும், திரும்ப பித்தநீர் செய்யறதுக்கு கல்லீரல் ரத்தத்துல இருக்கிற கொலஸ்ட்ராலை எடுத்துக்கும். இன்னொண்ணு, பேப்பர் ஃபில்டர்ல வடிகட்டாம பொடியை அப்படியே கொதிக்க வச்சு குடிக்கிற காபி எல்டிஎல்லை ஏத்தும், அதுல கஃபெஸ்டால்னு ஒரு பொருள் இருக்கு, பேப்பர் அதை பிடிச்சு வச்சுக்கும். இவ்வளவும் ஒழுங்கா பண்ணினா பலருக்கு எல்டிஎல் 10, 15 சதவீதம் இறங்கும். 150 இருந்தது 130 ஆகும். அது நல்ல விஷயம், ஆனா எல்லாருக்கும் அது போதாது.

கேள்வி: எனக்கு 58 வயசு, ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சாங்க. அப்போ எல்டிஎல் 148, இப்போ மாத்திரையில 62. ரிப்போர்ட்ல எல்லாமே நார்மல்னு வருது. சொந்தக்காரங்க எல்லாம் போதும் நிறுத்துங்க, வாழ்நாள் முழுக்க சாப்பிட்டா உடம்பு கெட்டுடும்ங்கறாங்க. நிறுத்தலாமா?

பதில்: தயவு செஞ்சு நிறுத்தாதீங்க ஐயா. 62ங்கறது மாத்திரை வேலை செய்யிற நம்பர். ஸ்டாட்டின்ங்கற இந்த வகை கொலஸ்ட்ரால் மாத்திரை என்ன பண்ணுதுன்னா, கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்யற வேலையை பாதியிலயே தடுக்குது, பத்தாக்குறை வந்ததும் கல்லீரல் கொக்கிகளை அதிகமாக்கி ரத்தத்துல இருந்து எல்டிஎல்லை இழுக்குது. மாத்திரை நின்னா சில வாரத்துல எல்லாம் பழைய நிலைமைக்கு வந்துடும், 148 திரும்பவும் 148 தான்.

எங்க அப்பா விஷயத்தை சொல்றேன். அவருக்கும் அட்டாக் வந்து மாத்திரையில நல்லா இறங்கி நார்மல்னு ரிப்போர்ட் வந்துச்சு, அந்த பேப்பரை நாலா மடிச்சு சட்டை பையிலயே வச்சிருப்பார், வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் எடுத்து காட்டுவார், அவ்வளவு சந்தோஷம். மாத்திரையை நிறுத்திட்டதை மட்டும் எங்கிட்ட சொல்லல. ரெண்டாவது அட்டாக் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு துணி எடுக்க வீட்டுக்கு வந்து டிராயரை திறந்தா, ஒரு மாத்திரை கூட பிரிக்காத அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி இருந்துச்சு. நிறுத்தினதால தான் வந்துச்சுன்னு ஒரு தனி மனுஷன் விஷயத்துல யாரும் அடிச்சு சொல்ல முடியாது. ஆனா 1994ல வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வுல ஏற்கனவே இதய நோய் இருந்த 4,444 பேரை ஐந்து வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்து பாத்தாங்க, ஸ்டாட்டின் எடுத்தவங்கள்ல இறப்பு 30 சதவீதம் குறைவு. அப்பா பிழைச்சுட்டார். அந்த அட்டைகள் இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

ரிப்போர்ட் ஓரத்துல நார்மல்னு அச்சடிச்சிருக்கிற அளவு எல்லாருக்கும் பொதுவா போட்டது. ஸ்டென்ட் வச்சவங்களுக்கு இலக்கே வேற, 70க்கு கீழ இருக்கணும், 2019ல வந்த ஐரோப்பிய வழிகாட்டி 55க்கும் கீழ கொண்டு போக சொல்லுது. அதனால உங்க டாக்டர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது நிறுத்தலாமான்னு இல்ல, இன்னும் கொஞ்சம் குறைக்கணுமான்னு தான். ஸ்டாட்டின் டோஸை ரெட்டிப்பாக்கினா கூடுதலா சுமார் 6 சதவீதம் தான் இறங்கும், குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சறதை தடுக்கிற எஸிடிமைப் சேர்த்தா சுமார் 20 சதவீதம் இறங்கும். உங்களுக்கு எதுன்னு அவர் சொல்லுவார்.

கேள்வி: ஸ்டாட்டின் ஆரம்பிச்சதுல இருந்து கால் வலி. நெட்ல பாத்தா எல்லாரும் இதையே எழுதியிருக்காங்க. இதை விட்டுட்டு இயற்கையான சிவப்பு ஈஸ்ட் அரிசி காப்ஸ்யூல் எடுத்துக்கலாமா?

பதில்: வலி நிஜம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அது மாத்திரையால வந்ததாங்கறது தான் கேள்வி. 2020ல சாம்சன்னு ஒரு ஆய்வு வந்துச்சு, பக்கவிளைவால ஸ்டாட்டினை விட்டவங்க 60 பேருக்கு சில மாசம் ஸ்டாட்டின், சில மாசம் பாக்க அதே மாதிரி இருக்கிற, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாசம் எதுவுமே இல்லாம குடுத்து தினமும் தொந்தரவை மார்க் போட சொன்னாங்க. ஸ்டாட்டின்ல வந்த தொந்தரவுல 90 சதவீதம் வெறும் மாத்திரையிலயும் வந்திருந்துச்சு. அதை பாத்துட்டு பாதி பேர் திரும்ப மாத்திரை ஆரம்பிச்சாங்க.

அதுக்காக வலியை பல்லை கடிச்சுட்டு தாங்கிக்கோங்கன்னு சொல்லல. ரெண்டு தொடையிலயும் தோள்லயும் ஒரே மாதிரி வலி, மாடி ஏற முடியாத பலவீனம்னு இருந்தா தசை பாதிச்சிருக்கான்னு காட்டுற சிகே ரத்த டெஸ்ட்டும் தைராய்டும் பாக்கணும். சிறுநீர் கருஞ்சிவப்பா போனா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, இது அபூர்வம் ஆனா அவசரம். சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து கூட சேர்ந்தா தொந்தரவு வரும், அதனால வேற எந்த மாத்திரை எழுதினாலும் ஸ்டாட்டின் எடுக்கிறதை சொல்லிடுங்க. வழி நிறைய இருக்கு, வேற ஸ்டாட்டின், குறைஞ்ச டோஸ், ஒரு நாள் விட்டு ஒரு நாள், இல்லேன்னா எஸிடிமைப், பெம்பிடோயிக் ஆசிட், அதுக்கும் மேல ஊசி கூட இருக்கு.

சிவப்பு ஈஸ்ட் அரிசியில வேலை செய்யிற மோனகோலின் கே அப்படிங்கறது லோவாஸ்டாட்டினே தான், 1987ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின முதல் ஸ்டாட்டின். அதாவது அதே மருந்தை எவ்வளவு இருக்குன்னு தெரியாம சாப்பிடுவீங்க. ஸ்டாட்டினோட ஆரம்பமே பூஞ்சை தான், ஜப்பான்ல அகிரா எண்டோ ஆயிரக்கணக்குல பூஞ்சைகளை சோதிச்சு பென்சிலியம் வகை ஒண்ணுல இருந்து தான் இந்த குடும்பத்தோட முதல் பொருளை எடுத்தார்.

கேள்வி: என் எச்டிஎல் 78. நல்ல கொலஸ்ட்ரால் இவ்வளவு இருந்தா எல்டிஎல் 165 இருந்தாலும் பரவாயில்லை தானே?

பதில்: இல்ல. எச்டிஎல்லை மருந்து குடுத்து ஏத்தி பாத்த ஆய்வுகள் நிறைய நடந்து மாரடைப்பு எதிர்பார்த்த மாதிரி குறையவே இல்ல, ஒரு மருந்தை 2006ல இறப்பு அதிகமானதால பாதியிலயே நிறுத்தினாங்க. 165க்கு தனியா பதில் வேணும், 78 அதுக்கு ஜாமீன் நிக்காது.

கேள்வி: ட்ரைகிளிசரைட் 680. எல்டிஎல் நார்மல். பயப்படணுமா?

பதில்: பயம் வேணாம், ஆனா தள்ளி போடாதீங்க. 150க்கு கீழ இருக்க வேண்டியது 500ஐ தாண்டினா இதயத்தோட சேர்த்து கணையத்தையும் பாக்கணும், 1000ஐ நெருங்கினா கணைய வீக்கம் வர்ற ஆபத்து நல்லாவே கூடும், அது ரொம்ப கொடுமையான வலி. மது பழக்கம் இருந்தா இன்னையோட முழுசா நிறுத்துங்க, ஒரு ட்ரிங்க் மட்டும்ங்கறதும் வேணாம். சர்க்கரை, ஜூஸ், கூல்ட்ரிங்க்ஸ் அடுத்து. மூணு மாச சராசரி சுகரை காட்டுற எச்பிஏ1சி டெஸ்ட்டை உடனே பாருங்க, தெரியாத சுகர் இப்படி தான் பல பேருக்கு வெளிய வரும். கர்ப்பத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு எடுத்தா அதையும் சொல்லுங்க. எல்டிஎல்லோட ஒப்பிட்டா இது பழக்கத்தை மாத்தினா வேகமா இறங்கும், சில வாரத்துலயே வித்தியாசம் தெரியும். மேல் வயித்துல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் குத்துற வலி வந்தா மட்டும் காத்திருக்காம எமர்ஜென்சிக்கு போயிடுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு பரம்பரை கொலஸ்ட்ரால்னு சொல்லிட்டாங்க. பொண்ணுக்கு 9 வயசு, நல்லா ஓடியாடிட்டு இருக்கா. இந்த வயசுல அவளுக்கு ஊசி குத்தி பயமுறுத்தணுமான்னு மனசு வரல.

பதில்: உங்க மனசு புரியுதும்மா. ஆனா இது எடுத்தே ஆக வேண்டிய டெஸ்ட், ஒரே ஒரு குழாய் ரத்தம், சாப்பிட்டுட்டே போகலாம். அப்பாகிட்ட இருந்து அவளுக்கு வந்திருக்க பாதி வாய்ப்பு, வராம இருக்கவும் அதே பாதி. வரலைன்னா அந்த பாரம் அன்னைக்கே உங்க மனசுல இருந்து இறங்கிடும். வந்திருந்தா 8ல இருந்து 10 வயசுக்குள்ளயே குறைஞ்ச அளவு ஸ்டாட்டின் யோசிக்கிறாங்க. நெதர்லாந்துல சின்ன வயசுலயே ஆரம்பிச்ச பிள்ளைங்களை 20 வருஷம் தொடர்ந்து பாத்து 2019ல வெளியிட்டாங்க, அதே நோய் இருந்த அவங்க பெத்தவங்களை விட இளவயசு மாரடைப்பு ரொம்பவே குறைவு. டெஸ்ட் எடுக்க போற அன்னைக்கு அப்பாவும் கூட வந்து முதல்ல அவர் கையை நீட்டட்டும், அவருக்கும் எப்படியும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்க வேண்டியிருக்கும், அவர் குத்திக்கறதை பாத்துட்டு அவளும் கையை நீட்டிடுவா.