பற்களை வெண்மையாக்குவது பாதுகாப்பானதா? வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 27 வயதாகிறது. சிறு வயதிலிருந்தே என் பற்கள் சற்று மஞ்சளாக இருக்கின்றன. வெண்மையாக்கும் சிகிச்சை செய்துகொள்ள விரும்புகிறேன். ஆனால், அது எனாமலை அரித்துவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். உண்மை என்ன, டாக்டர்?

பதில்: உங்கள் வீட்டார் அஞ்சுவதில் தவறில்லை. ஆனால், இந்தச் சிகிச்சை எனாமலை அரித்துப் பல்லை வெண்மையாக்குவதில்லை. பல்லின் மேலுறையான எனாமல், ஒளியை ஓரளவு ஊடுருவ விடும் தன்மை கொண்டது. அதன் அடியில் இருக்கும் டென்டின் இயல்பாகவே மஞ்சள் நிறமுடையது. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிவதாலும் டென்டின் தடிப்பதாலும் அந்த மஞ்சள் கூடுதலாக வெளியே தெரிகிறது. ஆகவே, மஞ்சளான பற்களை எல்லாம் பராமரிக்கப்படாத பற்கள் என்று கருதிவிடக் கூடாது. நோய் எதுவும் இல்லாத, உறுதியான பற்கள் பலவற்றின் இயல்பான நிறமே வெளிர்மஞ்சள்தான்.

சிகிச்சையில் பயன்படும் ஜெல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடோ கார்பமைடு பெராக்சைடோ இருக்கும். கார்பமைடு பெராக்சைடு வாயின் ஈரத்தில் சிதைந்து ஹைட்ரஜன் பெராக்சைடையும் யூரியாவையும் தருகிறது. அதன் 10 சதவீத ஜெல், ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமமானது. மிகச் சிறிய மூலக்கூறாக இருப்பதால் பெராக்சைடு எனாமலின் நுண்ணிய இடைவெளிகளைக் கடந்து டென்டினுக்குள் சென்று, அங்கே படிந்துள்ள நிறப்பொருள்களை ஆக்சிஜனேற்றத்தால் சிறு துண்டுகளாக உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஒளியை முன்போல் உறிஞ்சாததால் பல் வெளுப்பாகத் தோன்றுகிறது. சுரண்டுவதும் தேய்ப்பதும் இதில் இல்லை.

எனினும், எந்தப் பாதிப்பும் இல்லை என்று சொல்வதும் சரியாகாது. சிகிச்சை நடக்கும் நாள்களில் எனாமலின் கடினத்தன்மை சிறிதளவு குறைவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. உமிழ்நீரில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் பற்பசையிலுள்ள ஃபுளோரைடும் அதைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகின்றன. அந்த ஈடுசெய்தலுக்கு நேரம் தராமல், நிறம் இன்னும் போதவில்லை என்று மாதந்தோறும் சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்துகொள்பவர்களைப் பற்றியே நான் உண்மையாகக் கவலைப்படுகிறேன். அவர்களுக்கு நீங்காத பல் கூச்சமும் எனாமலில் சொரசொரப்பும் ஏற்படலாம்.

10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை, பல்லின் அளவுக்கேற்பச் செய்த ட்ரேயில் இட்டு இரவில் அணிந்துகொள்ளும் முறை 1989ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் வெளிவந்தது. அன்றிலிருந்து நீண்ட காலமாக ஆராயப்பட்டு வரும் முறை அது. சில வாரங்கள் பொறுமை வேண்டும் என்பதைத் தவிர அதில் குறை அதிகமில்லை என்பதால், அவசரம் இல்லாதவர்களுக்கு நான் அதையே முதலில் சொல்வேன்.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கு முன் வாயைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கவனிக்காமல் விட்ட சொத்தை, விரிசல், ஓரம் கசியும் நிரப்பல், ஈறு விலகி வேர் வெளியே தெரியும் இடம் ஆகியவற்றின் வழியே பெராக்சைடு பல்லின் உள்ளே நேராகப் போய்விடும். தேநீர், காபி, புகையிலை ஆகியவற்றின் கறை மேற்பரப்பில் மட்டும் படிந்திருந்தால், பல்லில் இறுகிப் படிந்த காறையை நீக்கிப் பற்களைச் சுத்தம் செய்து மெருகேற்றிய பிறகு பிளீச்சிங் தேவையே இல்லை என்று நிறைவடைந்து போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: மருத்துவமனையில் ஜெல் பூசி, நீல விளக்கு வைத்து, ஒரே அமர்வில் பற்களை வெண்மையாக்கினார்கள். அன்றிரவு முன்பற்களில் சுரீர் சுரீரென்று வலி எடுத்தது. ஈறின் ஓரம் வெள்ளையாக மாறியிருந்தது. பல் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டுமே இந்தச் சிகிச்சையில் அடிக்கடி காணப்படும் பக்கவிளைவுகள். பெரும்பாலும் இவை தாமாகவே நீங்கிவிடும். மருத்துவமனையில் பயன்படுத்தும் ஜெல்லில் பொதுவாக 25 முதல் 40 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். அது சில நிமிடங்களிலேயே பல்லின் நடுவே நரம்பும் இரத்த நாளங்களும் உள்ள பற்கூழை எட்டி, தற்காலிகமான அழற்சியை உண்டாக்குகிறது. குளிர்ந்தது எதுவும் படாதபோதும் மின்னல் வெட்டுவதுபோல் வலி தோன்றி மறைவது அதனால்தான். முன்பற்களில், அதிலும் கீழ் முன்பற்களில், எனாமலும் டென்டினும் மெல்லியவை என்பதால் அங்கே வலி கூடுதலாகத் தெரியும். வழக்கமாக ஓரிரு நாள்களில் குறைந்து, சில நாள்களுக்குள் நின்றுவிடும்.

இந்த நாள்களில் மிகக் குளிர்ந்தவற்றையும் புளிப்பானவற்றையும் தவிர்த்துவிடுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள, கூச்சத்துக்கான பற்பசையால் மென்மையாகத் துலக்குங்கள். வலி தாங்க முடியாவிட்டால், உங்கள் மருத்துவரைக் கேட்டு, உங்கள் உடலுக்கு ஒத்துக்கொள்ளும் வலிநிவாரணியை எடுத்துக்கொள்ளலாம். முன்பே கூச்சம் உள்ளவர்கள், சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அத்தகைய பற்பசையைப் பயன்படுத்தத் தொடங்கினால் வலி குறையும்.

ஈறின் வெண்மை, ஜெல் கசிந்து பட்டதால் வந்த இலேசான இரசாயனப் புண். சிறிய அளவில் இருந்தால் விரைவில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஆயினும், ஈறின் மீது பாதுகாப்புப் பூச்சை ஒழுங்காக இட்டிருந்தால் இது நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. அடுத்த முறை போகும்போது இதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு வாரம் கடந்தும் வலி தொடர்ந்தாலோ, ஒரே ஒரு பல்லில் மட்டும் வலி நிலைத்தாலோ, கடிக்கும்போது நொந்தாலோ, ஈறில் வீக்கமோ ஆறாத புண்ணோ தெரிந்தாலோ காத்திருக்காமல் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்த வலிக்கு, பிளீச்சிங் கிளறிவிட்ட பழைய சொத்தையோ விரிசலோ காரணமாக இருக்கலாம்.

விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒளியால் பல் நிலையாகக் கூடுதல் வெண்மை பெறுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. அமர்வு முடிந்தவுடன் பல் மிக வெண்மையாகத் தெரிவதற்கு, வாயைத் திறந்தே வைத்திருந்ததால் பல் ஈரம் உலர்ந்து போனதும் ஒரு காரணம். ஈரம் திரும்பியதும் நிறம் சற்று இறங்கும். வெப்பம் தரும் விளக்குகள் பற்கூழைச் சூடாக்கிக் கூச்சத்தைக் கூட்டலாம். புற ஊதாக் கதிர் வரும் கருவியாக இருந்தால், கண்ணுக்கும் உதட்டுக்கும் மறைப்பு இன்றி உட்காரவே கூடாது. விளக்கு வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதில் உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை.

கேள்வி: எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் பற்கள் வெளுக்கும் என்றும், கரித்தூள் அதைவிட நல்லது என்றும் சொல்கிறார்கள். இயற்கையான பொருள்களால் தீங்கு இருக்காதல்லவா?

பதில்: இருக்கிறது. மருத்துவமனையில் செய்யும் பிளீச்சிங்கைக் காட்டிலும் இந்த வீட்டு முறைகளைக் கண்டே நான் அதிகம் அஞ்சுகிறேன். வாயின் அமிலகாரச் சுட்டெண் (pH; இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாற்றின் சுட்டெண் 2 முதல் 3 வரைதான். அமிலத்தால் எனாமல் இளகியிருக்கும் அந்த நேரத்தில் எதைக் கொண்டு தேய்த்தாலும் இளகிய படலம் உரிந்து போகும். பெராக்சைடு எனாமலைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு நிறத்தை மாற்றுகிறது. இந்த முறையோ எனாமலையே கரைத்துவிடுகிறது. முளைத்த பல்லில் இழந்த எனாமலை உடலால் மீண்டும் உருவாக்க முடியாது. எனாமல் மெலியும்போது அடியிலுள்ள மஞ்சள் டென்டின் இன்னும் நன்றாகத் தெரியும் என்பதால், வெண்மைக்காகத் தொடங்கிய முயற்சி நாளடைவில் பல்லைக் கூடுதல் மஞ்சளாக்கிவிடுகிறது.

கரித்தூள் மேற்பரப்புக் கறையைத் தேய்த்து எடுப்பதால் முதலில் பலன் தெரிவது உண்மைதான். பல்லின் உள் நிறத்தை மாற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. சொரசொரப்பான துகள்கள் எனாமலைத் தேய்ப்பதோடு, நிரப்பல்களின் ஓரங்களிலும் விரிசல்களிலும் கறுப்பாகத் தங்கிவிடுவதும் உண்டு. சமையல் சோடா தனியாக மென்மையான பொருளே; தனியாகவோ பற்பசையிலோ அதைப் பயன்படுத்துவதில் பெரிய அபாயம் இல்லை.

கேள்வி: இணையத்தில் விற்கும் ஜெல்லையோ, பல்லில் ஒட்டிக்கொள்ளும் வெண்மையாக்கும் பட்டைகளையோ வாங்கி நானே பயன்படுத்தலாமா? அழகு நிலையத்திலும் செய்கிறார்களே?

பதில்: ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாமல் அதை வாயில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள விதிகளைப் பார்த்தால் இதன் தீவிரம் புரியும். அங்கே 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்ட பொருள்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும். ஒவ்வொரு சிகிச்சைச் சுற்றின் முதல் பயன்பாடும் பல் மருத்துவராலோ அவருடைய நேரடி மேற்பார்வையிலோ நடக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. வேறு சில நாடுகளில் பட்டைகள் கடைகளிலேயே கிடைக்கின்றன. அவற்றைச் சொன்ன நேரத்துக்குச் சொன்ன நாள்கள் மட்டும் பயன்படுத்தும்போது, ஆரோக்கியமான வாயில் பெரும்பாலும் இலேசான கூச்சத்தோடு முடிந்துவிடுகிறது. அரை மணி நேரம் வைக்கச் சொன்னதை இரவு முழுவதும் வைப்பதும், ஒரு பெட்டி தீர்ந்ததும் அடுத்ததைத் திறப்பதும்தான் சிக்கலைக் கொண்டுவருகின்றன.

கடையில் வாங்கும் ட்ரே உங்கள் பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்ததன்று. அதிலிருந்து ஜெல் வழிந்து ஈறில் படும்; தொண்டைக்குள் இறங்கினால் எரிச்சலும் குமட்டலும் வரலாம். பெராக்சைடுக்கு மாற்று என்று குளோரின் டை ஆக்சைடு கலந்த பொருள்களும் விற்கப்படுகின்றன. அமிலத்தன்மை மிகுந்த அவை எனாமலின் பளபளப்பையே போக்கிவிடக் கூடியவை என்பதால் அவற்றை அறவே தவிர்க்க வேண்டும். அழகு நிலையத்தைப் பொறுத்தவரை, சொத்தையைக் கண்டறியவும் தவறு நேர்ந்தால் சிகிச்சை தரவும் தகுதி பெற்ற ஒருவர் அங்கே இல்லை என்பதே என் ஆட்சேபம்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. முன்பற்களில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள் இருப்பதால் சிரிக்கவே கூச்சப்படுகிறாள். பிளீச்சிங் செய்யலாமா?

பதில்: அவளுடைய வருத்தத்தைப் பொருட்டாக எடுத்துக்கொண்டு எழுதியதற்கு நன்றி. இந்த வயதில் பல்லின் உள்ளறை பெரியதாக இருப்பதால் கூச்சம் கூடுதலாக வரும். எனவே, பொதுவாக 18 வயது வரை பொறுத்திருக்கச் சொல்கிறோம். தவிர, திட்டுகளுக்கு வெறும் பிளீச்சிங் பொருத்தமான தீர்வும் அன்று. தொடக்கத்தில் சுற்றியுள்ள பகுதியைவிட வெள்ளைத் திட்டுகள் இன்னும் பளிச்சென்று தெரியக்கூடும். பல் உருவாகும் வயதில் குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால் இத்தகைய திட்டுகள் வரலாம். எனாமல் சரியாக உருவாகாமல் போனதாலும், சொத்தையின் முதல் கட்டத்தாலும் வரலாம். காரணத்தைப் பொறுத்து, எனாமலின் மேற்படலத்தை மட்டும் நுண்ணிய அளவில் மெருகேற்றி நீக்கும் முறையோ, திட்டுக்குள் ரெசின் என்னும் பிசின் போன்ற பொருளை ஊடுருவச் செய்யும் முறையோ அவளுக்கு உதவக்கூடும். குழந்தைகளுக்கான பல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கீழே விழுந்து அடிபட்ட ஒரு முன்பல் மட்டும் கறுத்துவிட்டது. அதை வெண்மையாக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வழி வேறு. அடிபட்டுக் கறுத்த பல்லில் நரம்பு பெரும்பாலும் இறந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்து, தேவையானால் வேர் சிகிச்சை செய்து, பிறகு பல்லின் உள்ளே மருந்தை வைத்து வெளுக்கச் செய்வார்கள். இதில் அரிதாக, சில ஆண்டுகள் கழித்து, ஈறின் ஓரத்தில் வேர் வெளிப்புறத்திலிருந்து கரையத் தொடங்கும் அபாயம் உண்டு. அடர்த்தி மிகுந்த பெராக்சைடைச் சூடாக்கிப் பயன்படுத்திய பழைய முறையில் அது கூடுதலாகக் காணப்பட்டது. வேர் நிரப்பலின் மேல் தடுப்புப் படலம் இட்டு, சூடு இல்லாமல் செய்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் கருவுற்றிருக்கிறேன். இப்போது பிளீச்சிங் செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். தீங்கு நிரூபிக்கப்பட்டது என்பதால் அன்று, பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதாலும், தள்ளிப்போடக்கூடிய சிகிச்சை என்பதாலும் இப்படிச் சொல்கிறேன். தாய்ப்பால் கொடுக்கும் காலம் முடியும்வரை பொறுத்திருங்கள். ஈறில் இரத்தம் கசிந்தால் மட்டும் அதைத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

கேள்வி: என் முன்பற்களில் ஒன்றில் செயற்கை உறையும் மற்றொன்றில் நிரப்பலும் இருக்கின்றன. அவையும் வெளுக்குமா? பலன் எவ்வளவு காலம் நிற்கும்?

பதில்: பீங்கான் உறையும் பல் நிறத்தில் அடைத்த நிரப்பலும் பெராக்சைடால் வெளுப்பதில்லை. சுற்றியுள்ள பற்கள் வெளுத்த பிறகு அவை இரண்டும் மஞ்சளாகத் தனித்துத் தெரியும் என்பதால், அவற்றை மாற்றுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கும். முதலில் பிளீச்சிங்கை முடித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து நிறம் நிலைத்த பின்பு, அதற்கு ஈடாகப் புதிய உறையையும் நிரப்பலையும் செய்துகொள்வதே சரியான வரிசை. உடனே நிரப்பினால், பல்லில் தங்கியுள்ள ஆக்சிஜன் நிரப்பும் பொருளை உறுதியாக ஒட்டவிடாது. பலன் பொதுவாக ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நிற்கும். புகைபிடிப்பவர்களுக்கும் தேநீர், காபி மிகுதியாக அருந்துபவர்களுக்கும் அதற்கு முன்பே மங்கும். அப்போது முழுச் சிகிச்சையையும் மறுபடி செய்ய வேண்டியதில்லை. முதலில் செய்து தந்த ட்ரேயைப் பத்திரமாக வைத்திருந்தால், மருத்துவர் சொல்லும் ஓரிரு இரவுகள் அணிவதே பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.